கல்லெழுத்தும் கதையெழுத்தும்



வானூர் வட்டத்துத் திருவக்கரை, கல்மரங்களாலும் வக்கிரகாளியம்மனாலும் பெயர் பெற்ற ஊர். அங்குள்ள சந்திரமௌலீசுவரர் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தவர் கண்டராதித்த சோழரின் தேவியாகிய செம்பியன் மாதேவியார். அவ்வம்மையாரை உத்தம சோழரைப் பெற்ற தாய் என்றே கல்வெட்டுகள் போற்றுகின்றன. ஆயினும் வாசகர் பலர் நெஞ்சில் அவர், வேறொருத்தி ஈன்ற மகவைத் தம் மகனாக வளர்த்தவராகவே வாழ்கிறார். அது ‘பொன்னியின் செல்வன்’ தந்த கோலம்.

1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வெளிவந்த அப்புதினத்தில் வரலாறும் கற்பனையும் பாலும் நீரும்போலக் கலந்துள்ளன. குந்தவையும் வந்தியத்தேவனும் கல்வெட்டில் இடம்பெற்றவர்கள். நந்தினியும் பூங்குழலியும் மந்தாகினியும் ஆசிரியர் படைத்த மாந்தர். ஆதித்த கரிகாலன் கொலைக்குச் சான்றாகும் உடையார்குடிக் கல்வெட்டு சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகள் எனச் சுட்டுகிறது. நந்தினியின் பெயர் அதில் இல்லை. எனினும் அக்கொலையைப் பேசத் தொடங்கியதும் வாசகர் நாவில் எழும் பெயர் நந்தினியே.

இதற்குக் காரணம் யாது? அறிவு ஐயுற்று ஆராயும்; கதையில் தோய்ந்த நெஞ்சமோ எளிதில் ஐயுறுவதில்லை. மெலனி கிரீன், திமோத்தி பிராக் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு அரண் செய்கிறது. கதையில் மிக ஆழ்ந்தோர், அக்கதையோடு இயைந்த கருத்துகளையே மிகுதியும் ஏற்றனர். ‘இது கற்பனை’ என்று முன்னரே அறிவித்தபோதும் அவ்வீடுபாடு குறையவில்லை. ஆகவே, ‘யாவும் கற்பனையே’ என்னும் ஒரு வரிக் குறிப்பால் எழுதுவோரின் பொறுப்பு தீர்ந்துவிடாது.

இதனால் புனைவைப் பழித்தல் பொருந்தாது. கல்கியின் எழுத்தைப் படித்த பின்னரே சோழர் கல்வெட்டுகளைத் தேடிச் சென்றோர் உண்டு. வரலாற்று நூல் எட்டாத இல்லங்களிலும் சோழர் பெயரை ஒலிக்கச் செய்தது கதையே. ஆனால், கதை ஒருவரை வாழவைப்பது போலவே மற்றொருவரை மறைக்கவும் வல்லது. இல்லாத நந்தினி ஊரெங்கும் உலவுகிறாள். கற்கோயில்கள் பல எடுப்பித்த பேரரசியோ, பெற்ற பிள்ளையைப் பற்றிய ஐயத்தோடு நினைக்கப்படுகிறார். மறைந்தோர் எழுந்து வந்து மறுமொழி கூற இயலாது.

ஊர் வரலாற்றைப் பாடப் புகும் கவிஞர்கள் இதனை நெஞ்சிற் கொள்ளுதல் வேண்டும். கற்பனைக்கு வேலி வேண்டுவதில்லை. ஆயின், உண்மையில் வாழ்ந்த ஒருவர் பெயரை எடுத்தாளுமுன், திருவக்கரைச் சுவரில் அவருக்கென வெட்டப்பட்ட எழுத்தை ஒருமுறை படித்துவிடுதல் நன்று.