ஓய்வும் உரிமை, வாசிப்பும் உரிமை

(மாங்குளத்தில் விவசாயிகளும் இளைஞர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



இன்று எம்மிடம் பேசுமாறு ஒப்புவிக்கப்பட்ட பொருள் காணிப் பிரச்சினையன்று, நீர்ப்பாசனமன்று, தேர்தலுமன்று. பட்டினத்தில் வாழும் தமிழ் இளைஞன் தன் நாளை எவ்வாறு கழிக்கிறான், ஓய்வு கிடைத்தால் எதனை வாசிக்கிறான் என்பதே பொருள். வயலில் களை நிற்கையில் கதைப் புத்தகத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவோரை நாம் குறைகூறோம். ஆயினும், ஓர் இனத்தின் இளைஞர் தம் ஓய்வு நேரத்தில் எதை எண்ணுகின்றனரோ, அதுவே அவ்வினத்தின் நாளைய அரசியலாக விளைகிறது. ஆதலின் இஃது உழவனுக்கும் உத்தியோகத்தனுக்கும் பொதுவான பொருளே. நீதிமன்ற வழக்கப்படி முதலில் சங்கதிகளையும், அடுத்துச் சட்டத்தையும், இறுதியில் நாம் கோரும் நிவாரணத்தையும் உங்கள் முன் வைப்போம். தீர்ப்பு உங்களுடையது.

இளைஞனின் நாள்

கண்டி வீதியும் முல்லைத்தீவு வீதியும் கூடுகின்ற இந்த மாங்குளம் சந்தி, பிள்ளைகளை வழியனுப்பிப் பழகிய சந்தி. 1956ஆம் ஆண்டில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. உத்தியோகம் தேடிய ஒரு தலைமுறை அதிலேறிக் கொழும்பு சென்றது. 1990இல் போர் அந்தப் பாதையை மூடியது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, சிலிப்பர்க் கட்டைகள் பதுங்கு குழிகளுக்குக் கூரையாயின. 2013இல் ஓமந்தையிலிருந்து கிளிநொச்சிவரை மீண்டும் பாதை திறந்தது; 2014இல் வண்டி யாழ்ப்பாணம் சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் இம்மண் பட்டதை உங்களுக்கு நாம் எடுத்துக்கூற வேண்டியதில்லை. இன்று மீண்டும் ஒரு தலைமுறை அதே சந்தியில் பயணப் பையுடன் நிற்கிறது.

அவன் கொழும்பில் எப்படி வாழ்கிறான்? வெள்ளவத்தையிலோ அதனை அடுத்தோ ஓர் அறை. அவ்வறையில் மூவர் அல்லது நால்வர். விடியற்காலையில் குளியலறைக்கு வரிசை. அது முடிந்தால் காலி வீதியில் பேருந்துக்கு வரிசை. பகல் முழுவதும் கந்தோரில் கணினித் திரையின் முன் இருக்கை. மாலையில் கடையொன்றில் இடியப்பமும் சம்பலும், அல்லது கொத்து ரொட்டி. அறைக்குத் திரும்பியதும் அம்மாவுக்குத் தொலைபேசி. "சாப்பிட்டாயா?" என்பது அவள் கேள்வி, "ஓமம்மா" என்பது அவன் மறுமொழி, சாப்பிடாவிட்டாலும் கூட. வாடகையும் உணவும் போக எஞ்சுவது வீட்டுக்கு வருகிறது. அது விதைநெல்லாகவும் உரமாகவும் தங்கையின் கல்விச் செலவாகவும் மாறுகிறது. இவையெல்லாம் முடிந்தபின் படுக்கையில் அவனுக்கென எஞ்சுவது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றியே நாம் பேசுகின்றோம்.

அந்த அறையும் வெறும் அறையன்று என்பதை மறத்தலாகாது. 2007ஆம் ஆண்டு யூன் 7ஆந் திகதி, கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் பொலிசாரால் பேருந்துகளில் ஏற்றப்பட்டு நகரைவிட்டு அகற்றப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் இதே வன்னியின் வாயிலான வவுனியாவில் இறக்கப்பட்டனர். தலைநகரில் தங்கியிருக்கத் தக்க காரணம் இல்லாதவர் என்பதே அவர்கள்மீது சுமத்தப்பட்ட குற்றம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் மனுத் தாக்கல் செய்ய, மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்தது. அறையில் இருப்பதற்கே காரணம் கேட்கும் ஆட்சி, அறையில் இருந்து வாசிப்பதற்கும் காரணம் கேட்காதென்று யார் உறுதி கூறுவார்?

அவன் வாசிப்பது என்ன?

அண்மைக் காலத்தில் நகரத்து இளைஞர் கையில் பெரிதும் காணப்பட்ட நூல் கல்கியின் பொன்னியின் செல்வன். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த அக்கதையை, 2022இல் வெளிவந்த திரைப்படம் புதிய தலைமுறையின் கைக்குக் கொண்டுவந்தது. இதனை ஏளனஞ் செய்வோர் உளர். நாம் ஏளனஞ் செய்யோம். ஐந்து பாகங்களைப் பேருந்திலும் படுக்கையிலுமாக ஓர் இளைஞன் வாசித்து முடிப்பானாயின், வாசிக்கும் வலிமை அவனிடம் உண்டென்பதற்கு அதுவே சான்று.

எனினும் ஒரு கேள்வி கேட்க எமக்கு உரிமையுண்டு. காவிரிக் கரையின் ஊர்களை வரிசையாய்ச் சொல்ல வல்ல அவன், இரணைமடுவுக்கு நீர் சுமக்கும் கனகராயன் ஆற்றைப் பற்றி எந்த நூலில் வாசித்தான்? முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டு அ. பாலமனோகரன் எழுதிய நிலக்கிளி என்னும் நாவல் 1973இல் வீரகேசரி வெளியீடாக வந்து சாகித்தியப் பரிசும் பெற்றது. காடும் குளமும் வயலும் அங்கு வாழும் எளிய மாந்தரும் அந்நூலில் உயிர்பெற்று உலவுகின்றனர். இந்திய இதழ்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த காலத்தில், எம்மவர் எழுத்தை எம்மவரே வாசிக்கும் நிலை பிறந்தமையால் அத்தகைய நூல்கள் மலிவு விலையில் ஊரூராகச் சென்றன. பிறநாட்டு நூலுக்குத் தடை விதிக்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. எம்மவர் நூல் எம்மவர் கைக்கு எட்ட வேண்டும் என்றே கூறுகின்றோம்.

இன்றைய நிலையோ வேறு. பரந்தனிற் பிறந்த தமிழினியின் ஒரு கூர்வாளின் நிழலில் என்னும் தன்வரலாறு 2016இல், அவர் மறைந்த பின்னர், தமிழ்நாட்டில் அச்சாகி வெளிவந்தது. அந்நூலின் முடிவுகளை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். வாசியாமல் ஏற்பதும் மறுப்பதும் அறிவுடைமையாகா. ஆனால் வன்னியின் கதை கடல் கடந்து அச்சாகி, மீண்டும் கடல் கடந்து, நாணயமாற்றின் சுமையோடு வன்னிக்கு வருகிறது. 2022இல் ரூபா வீழ்ந்தபோது இறக்குமதி நூலின் விலையும் ஏறியது. அவ்வாண்டு மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. பரீட்சைக்கே கடதாசி இல்லாத நாட்டில் கதைக்கு எங்ஙனம் கிடைக்கும்?

கைத்தொலைபேசியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவும் நாம் விரும்பவில்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களையும், 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம முயற்சி ஈழத்து நூல்களையும் இதழ்களையும் விலையின்றி வழங்குகின்றன. வீண் காணொளியில் ஒரு மணி நேரத்தை விழுங்குவதும் அக்கருவியே. மறைந்துபோன ஒரு சஞ்சிகையை மீட்டுத் தருவதும் அக்கருவியே. மண்வெட்டியால் வரம்பும் கட்டலாம், வரம்பை வெட்டியும் விடலாம். பிடிக்கும் கையே பொறுப்பு.

வாசிகசாலை மரபு

வாசிப்பு எமக்குப் பட்டினம் கற்பித்த பழக்கமன்று. வடபுலத்துக் கிராமங்களில் கோயிலுக்கும் பாடசாலைக்கும் அடுத்தபடி எழுந்தது வாசிகசாலை. எழுத்தறிந்தவர் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, எழுத்தறியாத உழவர் சூழ்ந்திருந்து கேட்டு, நாட்டு நடப்பை அவரைவிட நன்றாக விவாதித்தனர். சலூன் தொழிலாளியாக இருந்த டொமினிக் ஜீவா, 1966இல் மல்லிகை இதழைத் தொடங்கிப் பல்லாண்டு காலம் நடத்தினார். இலக்கியம் பட்டதாரிகளின் சீதனச் சொத்தன்று என்பதற்கு வேறு சாட்சி வேண்டா.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வரலாற்றையும் எண்ணிப் பாருங்கள். 1933இல் க. மு. செல்லப்பா என்னும் பெரியார் தம் இல்லத்திலிருந்து நூல்களை இரவல் கொடுத்தார். 1934இல் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறை. அதில் 844 நூல்களும் முப்பதளவு பத்திரிகைகளும். நூலகவியல் அறிஞர் இரங்கநாதனின் ஆலோசனையுடனும், சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வரைபடத்துடனும் எழுந்த மாளிகை 1959இல் திறக்கப்பட்டது. 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு தொடங்கிய வெறியாட்டத்தில் அது எரிந்தது. 97,000க்கும் மேற்பட்ட நூல்களும் ஈடற்ற ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. அக்குற்றத்திற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. கட்டடம் பின்னர் மீண்டும் எழுந்தது, ஏடுகள் எழவில்லை.

வன்னியில் 2008, 2009ஆம் ஆண்டுகளில் எரிந்தும் சிதறியும் போன வீட்டு அலுமாரிகளுக்குக் கணக்கே இல்லை. பிள்ளையைத் தூக்கியவள் புத்தகத்தைத் தூக்க இயலவில்லை. அந்த இழப்புக்கு நினைவுச் சின்னமும் இல்லை. ஆகவே வன்னியில் ஒரு வாசிகசாலையைத் திறப்பது பொழுதுபோக்கு வேலையன்று, இழப்பீடு. அதனை எமக்கு நாமே கொடுத்துக்கொள்கிறோம்.

சட்டம் என்ன கூறுகிறது?

சங்கதிகளைக் கண்டோம், இனிச் சட்டத்தைக் காண்போம். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரமும் வாரத்திற்கு 45 மணி நேரமுமே சாதாரண வேலை என வரையறுத்து, வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறையும் தருகிறது. இந்த ஓய்வு முதலாளி இட்ட பிச்சையன்று. உலகெங்கும் தொழிலாளர் போராடிப் பெற்ற பேறு. அதனை மேலதிக வேலையென்று ஊதியமின்றிப் பறிக்க எவர்க்கும் உரிமையில்லை. உழவனுக்கோ அத்தகைய சட்டம் எதுவுமில்லை. அவன் ஓய்வை வானமும் வாய்க்காலும் தீர்மானிக்கின்றன. காலபோக அறுவடைக்கும் சிறுபோக விதைப்புக்கும் இடையில் கிடைக்கும் நாட்களே அவனது விடுமுறை. அந்நாட்களில் அவன் கைக்கெட்டும் தூரத்தில் நூல் இருத்தல் வேண்டும்.

அடுத்தது பேச்சுரிமை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுக்கும் கருத்து வெளிப்பாட்டுக்கும் சுதந்திரம் அளிக்கிறது. ஆனால் நடைமுறை யாது? தற்காலிகமென்று 1979இல் கொண்டுவரப்பட்டு 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், 2020 மே மாதத்தில் அஹ்னாப் ஜஸீம் என்னும் இளம் ஆசிரியர் கைது செய்யப்பட்டார். அவர்மேல் எழுந்த குற்றச்சாட்டின் நடுவில் நின்றது நவரசம் என்னும் தமிழ்க் கவிதை நூல். ஓராண்டுக்கும் மேலாக அவர் சிறையிருந்தார். 2021 டிசெம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசெம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. குற்றமற்றவர் என்ற சொல்லைக் கேட்க ஒரு கவிஞன் மூன்றரை ஆண்டுகள் காத்திருந்தான். சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார 2019இல் ஒரு சிறுகதைக்காக வேறொரு சட்டத்தின் கீழ் சிறை சென்றதையும் நினைவிற் கொள்க. எழுதுவோனின் இன்னல் ஓரினத்துக்கு மட்டும் உரியதன்று. எழுதுவோனைச் சிறையிடும் நாட்டில் வாசிப்போனும் அரைச் சுதந்திரனே.

எமது கோரிக்கை

இனி நாம் கோரும் நிவாரணம். முதலாவது கோரிக்கை மக்களாகிய உங்களிடமே. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையிலுள்ள நல்ல ஆயுதம். உங்கள் பிரதேச சபையின் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். கடந்த ஆண்டில் நூல் வாங்க ஒதுக்கிய பணம் எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு, வாங்கிய நூல்களின் பட்டியல் எங்கே, வாசிகசாலை எந்த நேரத்தில் திறந்து எந்த நேரத்தில் மூடப்படுகிறது என்று கேளுங்கள். பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவை அறிவித்தல் அவர் கடமை. மறுத்தால் மேன்முறையீடு உண்டு; அதற்கு மேல் ஆணைக்குழு உண்டு. விண்ணப்பம் வரைய உதவி வேண்டுவோர்க்கு நாம் கட்டணமின்றி வரைந்து தருவோம். உழவன் வயலில் நிற்கும் வேளையில் மட்டும் திறந்திருக்கும் வாசிகசாலை, மாரியில் மட்டும் திறக்கும் மதகு போன்றது.

இரண்டாவது கோரிக்கை கொழும்பிலுள்ள மருத்துவர், பொறியியலாளர், கணக்காளர், சட்டத்தரணிகள் ஆகியோரிடம். 1942 முதல் இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையில் நூலகத்தோடு இருக்கிறது. அறையில் வாடும் இளைஞனுக்கு அங்கு செல்லும் வழியைக் காட்டுங்கள். நீங்கள் வாசித்து முடித்த நூலைத் தூசிக்குக் கொடாது, வடக்கே வரும் வண்டியில் இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு அனுப்புங்கள்.

மூன்றாவது, பெற்றோரிடம். பாடநூலைத் தவிர வேறு நூலைப் பிள்ளையின் கையிற் கண்டால் சினவாதீர்கள். பரீட்சைக்காக மட்டும் வாசித்தவன் பரீட்சை முடிந்த அன்றே வாசிப்பை விடுகிறான். விருப்பத்தோடு வாசித்தவன் கொழும்பு அறையிலும் தனித்திருப்பதில்லை.

இறுதியாக, இளைஞனிடம். தம்பி, சோழர் கதையை வாசி. பிரான்சிலும் கனடாவிலும் எம்மவர் எழுதும் கதையையும் வாசி. சிங்களவர் எழுதியதை மொழிபெயர்ப்பிலேனும் வாசி. வாசித்தபின் எழுது. உன் தந்தையின் வயலை, உன் தாய் நடந்த பாதையை, நீ வாழும் நாலுபேர் அறையை எழுது. அவற்றை எழுத வேறெவரும் வரப்போவதில்லை. மாரியில் வந்த நீரைக் குளத்தில் தேக்காதவன் கோடையில் வானத்தைத் திட்டிப் பயனில்லை. குளங்களால் வாழ்ந்த மண்ணின் மைந்தனுக்கு இதனை நாம் விரித்துரைக்கத் தேவையில்லை.

அந்த ஒரு மணி நேரம் உன்னுடையது. சட்டம் தந்த நேரம் அது. உன் தந்தையின் வியர்வை காத்துத் தந்த நேரம் அது. அதனை எவரிடமும் இழந்துவிடாதே என்று கேட்டு அமர்கின்றோம்.