பூவில் நிற்பது தேனீயா, ஈயா?

மகரந்தச் சேர்க்கை பற்றிய இக்கருத்தரங்கு, வீட்டுத் தோட்டங்கள் சூழ்ந்த அன்புவழிபுரத்திலேயே கூடியிருக்கிறது.

இலங்கையில் ஏறத்தாழ 150 தேனீ இனங்கள் பதிவாகியுள்ளன. மலைத்தேனீ, பொந்துத்தேனீ, கொம்புத்தேனீ, கொட்டாத கொசுத்தேனீ ஆகிய நான்கும் கூட்டமாய் வாழ்ந்து தேன் சேர்ப்பவை. ஏனையவற்றில் பெரும்பாலானவை தனித்து வாழ்பவை. இவை நாடும் அதே பூக்களுக்கு, மஞ்சளும் கறுப்புமான அதே பட்டைகளோடு பூ ஈக்களும் வருகின்றன. கொடுக்கில்லாத பூச்சி கொட்டும் பூச்சியின் கோலம் பூண்டு பறவைகளிடமிருந்து தப்புகிறது. இத்தகைய போலித் தோற்றத்தை, அமேசன் காட்டு வண்ணத்துப்பூச்சிகளைக் கொண்டு 1862இல் விளக்கியவர் ஹென்றி வால்ட்டர் பேட்ஸ். பறவையை ஏமாற்றும் அந்தக் கோலம் தேனீக்களை எண்ணும் நமது கணக்கெடுப்பையும் பிழையாக்கிவிடுகிறது.

காலையில் முற்றத்துத் துளசியருகே சற்று நில்லுங்கள். பூவுக்கு முன்னால் அந்தரத்தில் அசையாமல் நின்று, சட்டென்று பக்கவாட்டில் விலகுவது பெரும்பாலும் பூ ஈ. அதன் கண்கள் தலையின் பெரும்பகுதியை மூடியிருக்கும். உணர்கொம்புகள் கட்டையாக இருக்கும். தேனீயின் கண்கள் தலையின் இருபுறமும் ஒதுங்கியிருக்கும். உணர்கொம்புகள் நீண்டு, முழங்கைபோல் மடிந்திருக்கும். தேனீக்கு நான்கு சிறகுகள், ஈக்கு இரண்டு. ஆனால் தேனீயின் முன்சிறகும் பின்சிறகும் நுண்கொக்கிகளால் கோத்துக்கொள்வதால் இரண்டாகவே தோன்றும். ஆகவே முதலில் உணர்கொம்பைப் பாருங்கள். காலில் மகரந்த உருண்டை இல்லையென்று ஈயெனத் தீர்த்துவிடவும் கூடாது. இலைவெட்டித் தேனீ மகரந்தத்தை வயிற்றின் அடிப்புறத்தில் சுமக்கிறது. ஆண் தேனீக்களோ மகரந்தம் சேர்ப்பதேயில்லை.

இந்த வேறுபாடு விளைச்சலைத் தொடுவது. கத்தரிப்பூவின் மகரந்தப்பை நுனித்துளை வழியாகவே மகரந்தத்தை உதிர்க்கும். கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத்தேனீயும் நீலப்பட்டைத் தேனீயும் பூவைப் பற்றிக்கொண்டு, பறக்கும் தசைகளை அதிரச் செய்து அதை உதிர்க்கின்றன. பூ ஈக்கள் பொதுவாக அவ்வாறு செய்வதில்லை. அதற்காகப் பூ ஈயை அற்பமென்று தள்ளிவிட முடியாது. அதுவும் பூவுக்குப் பூ மகரந்தம் கொண்டுசெல்கிறது. பல இனங்களின் புழுக்கள் பயற்றங்குருத்தில் அப்பிக்கிடக்கும் அழுக்கணவன் பூச்சிகளைத் தின்று பயிரைக் காக்கின்றன. கொட்டுமென்று அஞ்சி மருந்தடித்தால், தோட்டத்தின் காவலையே அழித்தவர்களாவோம்.

இளம் ஆய்வாளர்களே, மஞ்சள் பட்டை கண்டதெல்லாம் தேனீயென்று எழுதிய பட்டியலிலிருந்து தேனீக்கள் பெருகினவா அருகினவா என்று எவராலும் சொல்ல இயலாது. உணர்கொம்பு, கண், சிறகு மூன்றையும் பார்த்தபின் எழுதுங்கள். தெளிவில்லாத இடத்தில் ‘தெரியவில்லை’ என்றே பதியுங்கள். வீட்டுத் தோட்டம் பேணும் தாய்மாரே, பூத்திருக்கும் வேளையில் மருந்தடிக்காதீர்கள். இவ்விரு வேண்டுகோள்களோடு கருத்தரங்கைத் தொடக்கி வைக்கிறேன்.