வயிற்றுக் கலக்கமா? வெட்கம் வேண்டாம்!



சிலருக்குப் பஸ் ஏறவே பயம். வழியில் வயிற்றைக் கலக்கினால் எங்கே போவது? இதனால் வேலைக்குப் போகாமல் கூலியை இழப்பவர்கள் உண்டு. வெளியே சொல்லவும் வெட்கம். டாக்டர்கள் இதை ஐ.பி.எஸ். என்பார்கள். போலீஸ் ஐ.பி.எஸ். அல்ல, குடல் கோளாறு!

நம் பெருங்குடல் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம். அது சுருங்கி விரிந்து கழிவைத் தள்ளுகிறது. வேகமாகத் தள்ளினால் பேதி. மெதுவாகத் தள்ளினால் மலச்சிக்கல். குடலுக்கும் மூளைக்கும் நரம்புத் தொடர்பு உண்டு. ஆகவே மனக்கவலை வந்தால் வயிறும் கலங்கும்.

இந்த நோயில் குடலில் புண் இருக்காது. ஆனால் வலி உண்மையானது. "நடிக்கிறாய்" என்று யாரையும் சொல்லாதீர்கள். இது புற்றுநோயாக மாறாது. பயம் வேண்டாம்.

என்ன செய்யலாம்? நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நன்றாக மென்று சாப்பிடுங்கள். காரம், எண்ணெய்ப் பலகாரம், டீ ஆகியவற்றைக் குறையுங்கள். தினமும் நடங்கள். மலச்சிக்கல் இருந்தால் டாக்டரைக் கேட்டு இசப்கோல் உமி சாப்பிடலாம். அதை ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரில் கலந்து குடியுங்கள்.

எதைச் சாப்பிட்டால் கலக்குகிறது? இப்போது உங்களுக்கு எழுதத் தெரியுமே! இரண்டு வாரம் நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மலத்தில் ரத்தம், காய்ச்சல், உடல் மெலிவு, தூக்கத்தில் எழுப்பும் பேதி, இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காதீர்கள். 50 வயதுக்குமேல் புதிதாக வந்தாலும் அப்படியே. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வாய் திறந்து சொன்னால் வழி பிறக்கும்.