பன்னிரு மாணவியர் தொடங்கிய சங்கம்

அமெரிக்கக் கல்லூரிகளிலே கிரேக்க எழுத்துகளைப் பெயராகப் பூண்ட மாணவர் சங்கங்கள் பல உண்டு. 1776-இல் வில்லியம் அண்டு மேரி கல்லூரியில் தோன்றிய ஃபை பீட்டா கப்பா அவற்றுள் முதலாவது. நெடுங்காலம் அவை பெரும்பாலும் ஆடவர்க்கே உரியனவாயிருந்தன. இல்லினாய் மாநிலத்து மான்மத் என்னும் சிறு கல்லூரி பெண்களையும் சேர்த்துக்கொண்டது. ஆயினும் அச்சங்கங்களின் கதவுகள் அவர்களுக்குத் திறக்கவில்லை.

1867 ஏப்ரல் 28 அன்று மாணவியர் பன்னிருவர், தம்முள் இருவர் தங்கியிருந்த அறையிலே கூடி, ஐ. சி. சோரோசிஸ் என்ற சங்கத்தை நிறுவினர். இரகசியக் கூட்டங்கள் எனக்கு உவப்பானவையல்ல. பள்ளி நடத்தியவன் அல்லனோ, கதவுக்கு வெளியே நிற்கும் பிள்ளையையே முதலில் நினைப்பேன். எனினும் இவர்களும் அவ்வாறு வெளியே நின்றவர்களே.

சங்கம் தொடங்குதல் எளிது. தொடங்கியவர் படிப்பு முடித்துப் போனபின் சிறு கல்லூரியில் அதைத் தாங்குவார் யார்? லிப்பி புரூக் என்னும் மாணவி அயோவா வெஸ்லியன் கல்லூரிக்குச் சென்று, அங்கே இரண்டாம் கிளையை அமைத்தார். பின்னாளில் மான்மத் கல்லூரி இத்தகைய சங்கங்களைத் தடுத்தபோதும், பிற ஊர்க் கிளைகளால் அது பிழைத்தது. பை பீட்டா ஃபை எனப் பெயர் மாறிய அச்சங்கமே, 1912-இல் டென்னசி மலைநாட்டுக் கேட்லின்பர்க்கில் ஏழைச் சிறுவர்க்கு ஒரு பள்ளியையும் திறந்தது.