வெளியே எடுக்கறதுக்கு முன்னாடி

போன எபிசோட் முடியும்போது, அடுத்தது கொஞ்சம் சொந்த விஷயம்னு சொல்லியிருந்தேன். அதுதான் இது. வர்ற வியாழக்கிழமை காலைல எனக்கு ஆபரேஷன். 11 வருஷத்துக்கு முன்னாடி வெச்ச ரெண்டு மார்பக இம்ப்ளான்டையும் எடுக்கப்போறாங்க.

ஏன் வெச்சேன்னு கேட்பீங்க. அப்போ எனக்கு 24 வயசு. என் சம்பளம், என் ஆசை. அதுக்கு மேல விளக்கம் சொல்லணும்னு எனக்குத் தோணல. ஏன் எடுக்கறேன்னா, ஒன்றரை வருஷமா இடது பக்கம் இறுகிக்கிட்டே வந்துச்சு. வெளிப்பொருள் எது உள்ளே போனாலும் உடம்பு அதைச் சுத்தி ஒரு உறை கட்டிக்கும். சில பேருக்கு அந்த உறை சுருங்கி, கெட்டியாகி, வலிக்க ஆரம்பிக்கும். எனக்கு அதுதான். அதுக்காக எம்.ஆர்.ஐ. எடுத்தப்போ இன்னொண்ணும் தெரிஞ்சது: இடது இம்ப்ளான்ட் உள்ளுக்குள்ளேயே கிழிஞ்சிருக்கு. சிலிகான் ஜெல் இம்ப்ளான்ட் கிழிஞ்சா காத்துப்போன பலூன் மாதிரி சுருங்காது. கண்ணாடியில பார்த்தா ஒண்ணுமே தெரியாது. அதனாலதான் அமெரிக்காவோட எஃப்.டி.ஏ., தொந்தரவு இல்லன்னாலும் வெச்சு 5, 6 வருஷத்துல ஒரு ஸ்கேன், அப்புறம் 2, 3 வருஷத்துக்கு ஒரு தடவைன்னு சொல்லுது. இது ஆயுசுக்கும் இருக்கிற பொருள் இல்லன்னும் சொல்லுது.

நம்ம ஊர்ல இது பணக்காரங்க சமாச்சாரம்னு ஒரு நினைப்பு இருக்கு. 2018 பிப்ரவரியில நம்ம ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே இலவசமா இம்ப்ளான்ட் வைக்கிற திட்டத்தை அப்போதைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் தொடங்கி வெச்சார். அன்னிக்கு டிவியில எவ்வளவு கேலி, எவ்வளவு விவாதம்! வைக்கிறதைப் பத்தி அவ்வளவு பேசினோம். எடுக்கறதைப் பத்திப் பேச்சே இல்ல.

சரி, தயாராகறது எப்படி? நைட்டி வாங்கறது, பை கட்டறது எல்லாம் கடைசியில. முதல்ல காகிதம்.

உங்க உடம்புக்குள்ள என்ன இருக்கு? எந்தக் கம்பெனி, எந்த சீரியல் நம்பர், மேற்பரப்பு வழவழப்பா சொரசொரப்பா, தசைக்கு மேலயா கீழயா? இது தெரியாம சர்ஜன் திட்டம் போடறது கஷ்டம். இம்ப்ளான்ட் பெட்டியோட ஒட்டற ஸ்டிக்கர் வரும், அதை கேஸ் ஷீட்ல ஒட்டுவாங்க, நமக்கு ஒரு கார்டும் தரணும். எனக்கு கார்டு தரல. வெச்ச கிளினிக்குக்கு போன் பண்ணா, பழைய ஃபைல் எல்லாம் இல்லன்னுட்டாங்க. சட்டப்படி கேட்கவும் முடியாது. மருத்துவ கவுன்சிலோட 2002 விதிப்படி உள்நோயாளி ரெக்கார்டை 3 வருஷம் வெச்சிருந்தா போதும். அந்தக் காலத்துக்குள்ள எழுதிக் கேட்டா 72 மணி நேரத்துல தரணும். இப்போ இதைக் கேட்கறவங்கள்ல யாராவது ரெண்டு வருஷம் முன்னாடி வெச்சிருந்தா, இன்னிக்கே போய்க் கேளுங்க. என் அதிர்ஷ்டம், டிஸ்சார்ஜ் சம்மரியோட கடைசிப் பக்கத்துல ஸ்டிக்கர் இருந்துச்சு. பத்தாங்கிளாஸ் மார்க்‌ஷீட் ஃபைலுக்குள்ள, அம்மா தொடாத இடத்துல ஒளிச்சு வெச்சிருந்தேன்.

அந்த நம்பர் ஏன் முக்கியம்? 2010-ல பிரான்ஸ்ல பி.ஐ.பி. கம்பெனி மருத்துவத் தரம் இல்லாத தொழிற்சாலை சிலிகானை அடைச்சு வித்தது வெளிய வந்துச்சு. அந்த முதலாளிக்கு 2013-ல 4 வருஷ சிறைத் தண்டனை விதிச்சாங்க. 2019 ஜூலையில அலர்கன் கம்பெனி, பயோசெல் வகை சொரசொரப்பு இம்ப்ளான்டை உலகம் முழுக்கத் திரும்ப வாங்கிக்கிச்சு. அந்த வகையைச் சுத்தி ஒரு அபூர்வமான புற்றுநோய் அதிகமா வருதுன்னு தெரிஞ்சதுதான் காரணம். அது மார்பகப் புற்று இல்ல, நோய் எதிர்ப்பு மண்டலத்துல வர்ற லிம்போமா. தொந்தரவு இல்லாதவங்க பயந்து போய் எடுக்கணும்னு எஃப்.டி.ஏ. சொல்லல. ஆனா வெச்சு பல வருஷம் கழிச்சு ஒரு பக்கம் திடீர்னு வீங்கினா நேரா ஆபரேஷன் டேபிளுக்குப் போகக்கூடாது. முதல்ல அந்த நீரை ஊசியால எடுத்து டெஸ்ட் பண்ணணும். ஏன்னா அந்த நோய் இருந்தா ஆபரேஷனே வேற மாதிரி. என்னோடதும் சொரசொரப்பு வகைதான். வீக்கமோ நீரோ இல்ல. இருந்தாலும் எடுக்கற உறையை பயாப்சிக்கு அனுப்பணும்னு எழுத்துல வாங்கியிருக்கேன்.

அந்த உறை விஷயத்துலதான் இன்ஸ்டாகிராம் என்னை ரொம்பக் குழப்புச்சு. "முழு உறையோட ஒரே பிண்டமா எடுக்காத டாக்டர்கிட்ட போகாதீங்க"ன்னு ரீல்ஸ் மேல ரீல்ஸ். என் சர்ஜன் பொறுமையா படம் போட்டுக் காட்டினாங்க. புற்று இருந்தா அப்படித்தான் எடுக்கணும். மத்தவங்களுக்கு, உறை விலா எலும்போட ஒட்டியிருந்தா அதைப் பிய்க்கும்போது நுரையீரலைச் சுத்தி இருக்கிற சவ்வுல ஓட்டை விழலாம். எனக்கு இடது பக்கம் உறை முழுக்க, வலது பக்கம் பாதுகாப்பா வர்ற அளவுக்கு. இப்படித் தெளிவா சொல்றவங்கதான் எனக்குப் பிடிச்சது. பேருக்குப் பின்னாடி எம்.சி.எச். பிளாஸ்டிக் சர்ஜரியோ டி.என்.பி.யோ இருக்கான்னு பாருங்க. பூந்தமல்லி ரோட்ல போனா அழகு கிளினிக் போர்டு நிறைய. போர்டு படிப்பாகாது. செலவு முடியலன்னா கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி, சென்ட்ரல் ஜி.எச். மூணுலயும் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கு.

இன்ஷூரன்ஸ்: அழகு சிகிச்சைக்குப் பணம் கிடையாதுன்னு எல்லா பாலிசியிலயும் இருக்கும். ஆனா விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்கு அப்புறம் செய்யற சீரமைப்பு, இல்லன்னா உடனடி உடல்நல ஆபத்தைத் தவிர்க்கச் செய்யறதுன்னு டாக்டர் சான்று கொடுத்தா, விதிவிலக்கு உண்டு. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டையும் சர்ஜன் கடிதத்தையும் சேர்த்து முன் அனுமதிக்கு அனுப்பியிருக்கேன். பதில் வரல. வராட்டி சேமிப்புல கை வைக்கணும்.

இப்போ அம்மா. நானும் அம்மாவும் திருமுல்லைவாயல்ல ஒரே வீடு. முதல் ஆபரேஷனப்போ ஆபீஸ் டிரிப்புன்னு சொல்லி ஃப்ரெண்டு ரூம்ல இருந்தேன். இந்தத் தடவை அது முடியாது. முழு மயக்கம் கொடுக்கறாங்க, திரும்பி வந்து ரெண்டு வாரம் கையைத் தூக்க முடியாது. அதைவிட, ராத்திரி ரெண்டு மணிக்குக் காய்ச்சலோ ரத்தக் கசிவோ வந்தா, என்ன ஆபரேஷன்னு தெரியாத ஒருத்தர் என்னை எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போய் என்ன சொல்வாங்க? ஒரு ஞாயித்துக்கிழமை, கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருந்தப்போ சொல்லிட்டேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "ஏன்டி, அப்போ தனியாவா கெடந்த?"ன்னு கேட்டாங்க. நான் எதிர்பார்த்த நூறு கேள்வியில அது இல்ல. ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசல. மூணாவது நாள் ஃபைலை எடுத்து மாத்திரைப் பேரெல்லாம் ஒரு டைரியில எழுதிக்கிட்டிருந்தாங்க.

மாத்திரைன்னதும் ஞாபகம் வருது. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, சித்த மருந்துக் கடை லேகியம், கருத்தடை மாத்திரை, எதையும் மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க. சிலது ரத்தம் உறையறதைத் தடுக்கும், சிலது உறைய வைக்கும். இதய டாக்டர் கொடுத்ததை மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க. சிகரெட், வேப், நிகோடின் சூயிங்கம், மூணுமே குறைஞ்சது 4 வாரம் முன்னாடி நிறுத்தணும். தோலுக்கு ரத்தம் போகாம தையல் ஆறாது. சாப்பாடு 6 மணி நேரம், எண்ணெய்ப் பலகாரம்னா 8 மணி நேரம், வெறும் தண்ணி 2 மணி நேரம் முன்னாடி வரை. நம்ம வீட்டுல மாட்டிக்கிற இடம் காபி. பால் கலந்தா அது தண்ணிக் கணக்கு இல்ல, சாப்பாட்டுக் கணக்கு.

வீட்டுல செஞ்சது: முன்பக்கம் பட்டன் வெச்ச சட்டை நாலு, அம்பத்தூர் ஓ.டி.யில வாங்கினேன். தலைக்கு மேல கழட்டற எதையும் போட முடியாது. குடம், தோசைக்கல்லு, தினசரி எடுக்கற டப்பா எல்லாம் இடுப்பு உயரத்துக்கு இறங்கியாச்சு. 20 லிட்டர் தண்ணி கேனை மாடிவரை ஏத்தி, கவுத்தும் வெச்சுட்டுப் போகச் சொல்லி கேன்காரத் தம்பிகிட்ட பேசியிருக்கேன். மொட்டை மாடிக் கொடியில துணி போடறது அம்மா. தலை பின்னறது எதிர் வீட்டு அக்கா. அவங்ககிட்ட "மார்ல ஒரு சின்ன ஆபரேஷன்"னு மட்டும் சொன்னேன், போதும். சி.டி.எச். ரோட்ல வேகத்தடை எத்தனைன்னு அன்னிக்கு எண்ணினேன், பாதியில விட்டுட்டேன். திரும்பி வரும்போது சீட் பெல்ட்டுக்கும் மார்புக்கும் நடுவுல வைக்க ஒரு சின்னத் தலகாணி ரெடி.

எடுத்ததுக்கு அப்புறம் எப்படி இருப்பேன்? தோல் தொய்ஞ்சிருக்கும், ஒரு பக்கம் இன்னொரு பக்கம் மாதிரி இருக்காது. தூக்கிக் கட்டற ஆபரேஷன் சேர்த்துச் செய்யலாமான்னு கேட்டாங்க. இப்போ வேண்டாம், ஆறு மாசம் போகட்டும்னு சொல்லியிருக்கேன். பயமா இருக்கு, இல்லன்னு சொல்லல.

அடுத்த ரெண்டு வாரம் எபிசோட் கிடையாது. உங்க கேள்வியைக் குரல் பதிவா அனுப்புங்க. பயாப்சி ரிப்போர்ட் வந்ததும் பேசறேன்.