பேரில்லாத உழைப்பு வேண்டாம்
(பூண்டுலோயாவில் தோட்டக் குடும்பங்களுக்கு ஆற்றிய உரை)



நம்ம மலைகளைப் பச்சையாக்கினது நம்ம பாட்டன் பூட்டன்மார்தான். ஆனால் அவர்கள் முதலில் இங்கே குடியிருக்க வரவில்லை. 1820களுக்குப் பிறகு, கோப்பிக் காலத்தில், தமிழ்நாட்டிலிருந்து கூலிக்கு வந்தார்கள். மன்னார்ப் பக்கம் கரையிறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். கோப்பிப் பழம் பறித்து முடிந்ததும் பெரும்பாலானோர் ஊர் திரும்பினார்கள்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் துரை லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பிக்கு இலைநோய் வந்தது. போகப்போக கோப்பி அழிந்து தேயிலை வந்தது. கோப்பிக்குப் பருவத்தில்தான் ஆள் அதிகம் தேவை. தேயிலைக்கு வருடம் முழுக்க வேண்டும். கொழுந்து முற்றினால் வீண்தானே? அதனால்தான் குடும்பம் குடும்பமாக லயங்களில் தங்கினோம்.

அப்படித் தங்கி உழைத்தும் என்ன நடந்தது? 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் பாட்டன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. நம்மவர்களின் உழைப்பு மலையில் இருந்தது. பத்திரம் கையில் இல்லை. லட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேரை இலங்கை ஏற்பது என்று பங்கு போட்டார்கள். அண்ணன் அக்கரை, தங்கை இக்கரை என்று குடும்பங்கள் பிரிந்தன. மிஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் பிரஜாவுரிமை கிடைத்தது.

பழைய கதையை இப்போது ஏன் சொல்கிறோம்? நம்ம பிள்ளைகள் மறுபடியும் வெளியே கூலிக்குப் போகிறார்கள். நுவரெலியாப் பக்கம் கரட், லீக்ஸ், கோவாத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். கொழும்புக் கடைகளுக்கும் போகிறார்கள். போவதில் குற்றமில்லை. அவர்கள் கை படாமல் நாட்டுச் சந்தைக்கு மரக்கறி வராது. ஆனால் நாட்கூலி கைக்கு வந்தால் போதும் என்று பலர் இருக்கிறார்கள். பேர் எந்தப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. பத்து வருடம் பாடுபட்டாலும் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இருக்காது.

தற்காலிக வேலையாளுக்கும் ஊழியர் சேமலாப நிதி உண்டு. உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம் கட்ட வேண்டும். வேலைக்குச் சேரும்போதே இதைக் கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீங்க.

இன்னொன்று. பிறப்புப் பத்திரத்தில் ராமாயி, அடையாள அட்டையில் ராமம்மா என்றிருந்தால், சேமலாப நிதி எடுக்கும் நாளில் அலைய வேண்டிவரும். பேர், பிறந்த தேதி இரண்டையும் இப்பவே ஒத்துப் பாருங்கள். பிழையிருந்தால் பத்திரங்களோடு நம்ம நலன்புரிக் காரியாலயத்துக்கு வாங்க. விண்ணப்பம் எழுதித் தருவோம். பிள்ளை பிறந்தால் தாமதிக்காமல் பதியுங்கள்.

பத்திரம் இல்லாமல் பாட்டன்மார் இழந்தது போதும். வேலைக்குக் கிளம்பும் பிள்ளைக்குச் சோறு கட்டிக் கொடுக்கிற அதே அக்கறையோடு, அடையாள அட்டையையும் எடுத்துக் கொடுங்கள்.