நடந்துபோகும் தூரத்தில் ஒரு நூலகம்

(வன்னியில் வாழும் பழைய மாணவிகள் விசுவமடுவில் ஒன்றுகூடியபோது ஆற்றிய உரை)



எமது கல்லூரிக்கு நூறு வயதாகிறது. இதன் நினைவாக என்ன செய்யலாம் என்று சங்கம் கேட்டது. கிராம நூலகங்களுக்குக் கைகொடுப்போம் என்பதே எங்கள் பதில்.

நூலகம் என்றதும் எம் எல்லோருக்கும் யாழ்ப்பாணத்து வெள்ளைக் கட்டடந்தான் நினைவுக்கு வரும். 1959இல் திறக்கப்பட்ட அது 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஆனால், அந்தப் பெரிய நூலகம் முளைவிட்டது ஒரு வீட்டில். 1933இல் க. மு. செல்லப்பா அவர்கள் தம் இல்லத்திலேயே ஊராருக்கு நூல்களை வாசிக்கக் கொடுக்கத் தொடங்கினார். இதை நாம் மறக்கலாகாது.

மாநகர சபையின் நூலகம் மாநகரத்துக்கு உரியது. விசுவமடு முல்லைத்தீவு மாவட்டத்தில் புதுக்குடியிருப்புப் பிரதேச சபைக்கு உட்பட்டது. எங்கள் பிள்ளைகளுக்குக் கிட்டுவது பிரதேச சபை நூலகமே. யாழ்ப்பாணம் போய்வர ஒரு நாள் வேண்டும். பஸ் காசும் வேண்டும். பொழுதுபட முன் வீடு திரும்ப வேண்டிய பெண்பிள்ளைக்கு, நடந்துபோகும் தூரத்தில் இருப்பதுதான் நூலகம்.

2009இல் இந்த வீதியால் இடம்பெயர்ந்தபோது அரிசியையும் உடுப்பையும் சுமந்தோம். புத்தகங்களை விட்டுச் சென்றோம். திரும்பி வந்தபோது வீட்டில் வாசிக்க ஒரு தாள்கூட இருக்கவில்லை. வீடுகளைக் கட்டிக்கொண்டோம். பிள்ளைகளின் வாசிப்புப் பழக்கத்தைக் கட்டியெழுப்ப இன்னும் காலம் வேண்டும்.

ஆகவே, எங்கெங்கும் வாழும் சகோதரிகளிடம் மூன்று வேண்டுகோள். நீங்கள் வாசித்துக் கழித்த நூல்களைப் பெட்டிகட்டி அனுப்பாதீர்கள். எவை தேவை என்று முதலில் நூலகரிடம் கேளுங்கள். ஒருமுறை பெருந்தொகை தருவதிலும், ஆண்டுதோறும் சிறுவர் நூல்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் சிறுதொகை தருவது மேல். உங்களிடம் உள்ள பழைய கல்லூரி மலர்களை, 2005 முதல் ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்த்துவரும் 'நூலகம்' திட்டத்துக்குக் கொடுங்கள். ஒரு பிரதி அழிந்தாலும் மற்றொன்று எஞ்சும்.

வாரத்தில் ஒரு பின்னேரம் நூலகத்தில் சின்னப்பிள்ளைகளுக்குக் கதை வாசிக்க நாங்கள் ஆயத்தம். நூல்களுக்கு நீங்கள் துணை நில்லுங்கள்.